முகச்சவரம்: வழவழன்னு ஷேவ் பண்ணணும், வெட்டும் விழக் கூடாதா? தாத்தா முகத்தில் நான் கற்ற பாடம் | வீட்டுப்பாடம்

'நமக்குத் தெரியும்' என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் வேலைகளை முதலிலிருந்து கற்றுக்கொள்ளும் பகுதி இது. இந்த வாரம் ஷேவிங். 'இதுல கத்துக்க என்ன இருக்கு?' என்றுதான் நானும் நினைத்தேன், அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வரை.

சென்னையில் ஷிஃப்ட் முடித்து, இரவு பஸ் பிடித்து மதுரை வீட்டுக்குப் போயிருந்தேன். தாத்தாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதற்கு நடுவில் பாத்ரூமில் வழுக்கி விழுந்து, வலது கையில் கட்டு வேறு. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் ஞாயிறு காலை தெருமுனை சலூனுக்குப் போகாமல் இருந்ததே இல்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும்கூட முதல் ஆளாகப் போய் பெஞ்சில் பேப்பரோடு உட்கார்ந்திருப்பார். இப்போது பத்து நாள் தாடியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"துக்க வீட்டுக்காரன் மாதிரி இருக்கேன்டா. யாராச்சும் பார்க்க வந்தா நான் தூங்குறேன்னு சொல்லிருங்க" என்றார்.

நான்தான் ஆர்வக்கோளாறு. "நான் பண்ணி விடுறேன் தாத்தா, அஞ்சு நிமிஷ வேலை" என்று என் ரேசரை எடுத்து வந்தேன். சோப்பைக் குழைத்துத் தடவி, என் கன்னத்தில் இழுப்பதுபோலவே அவர் கன்னத்திலும் இழுத்தேன். தாடைக்குக் கீழே சுருங்கித் தொங்கிய தோலில் பிளேடு மாட்டிக்கொண்டது. சிவப்பாக ஒரு கோடு. அரை சென்டிமீட்டர்கூட இருக்காது.

ஆனால், ரத்தம் நிற்கவில்லை. டிஷ்யூ வைத்தேன், நனைந்தது. இன்னொன்று வைத்தேன், அதுவும் நனைந்தது. அப்பத்தா சமையலறையிலிருந்து காபித்தூள் டப்பாவோடு ஓடி வந்தார். அம்மா மஞ்சள்தூளோடு வந்தார். தாத்தாவின் வெள்ளை பனியன் கழுத்தில் சிவப்பு பரவிக்கொண்டிருந்தது. கை நடுங்கியது எனக்குத்தான். அவர் என்னைத் தேற்றினார். "விடுறா, சவரத்துல ரத்தம் வராம இருக்குமா?"

ஏன் நிற்கவில்லை?

அவரைப் பார்க்கும் டாக்டருக்கு போன் செய்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "காயத்தை விடாம அழுத்திப் பிடிச்சிருக்கீங்களா, இல்ல எடுத்து எடுத்துப் பார்க்குறீங்களா?"

எடுத்து எடுத்துத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "சுத்தமான துணியை வெச்சு பதினஞ்சு நிமிஷம் அழுத்திப் பிடிங்க. நடுவுல ஒருவாட்டிகூடத் திறந்து பார்க்காதீங்க" என்றார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பிடித்தேன். நின்றுவிட்டது.

காரணத்தையும் அவரே சொன்னார். ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பெரும்பாலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் என்று இரண்டு மாத்திரைகள் தருவார்கள். நமக்கு வெட்டு விழுந்தால் ரத்தத்திலுள்ள தட்டணுக்கள் ஓடி வந்து ஒன்றோடு ஒன்று ஒட்டி, ஓட்டையை அடைக்கும். அதே வேலையை ஸ்டென்ட்டுக்குள் செய்தால் அது மாரடைப்பு. அதைத் தடுக்கத்தான் மாத்திரை. ஆனால், மாத்திரைக்கு இது ஸ்டென்ட், இது தாடை என்று தெரியாதே! அதனால் வெளிக்காயமும் அடைபட நேரமாகும். நாம் துணியை எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும், பாதி அடைபட்ட ஓட்டையை மறுபடி திறந்துவிடுகிறோம்.

"ரத்தம் வந்துச்சுன்னு பயந்து மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க. தாடையில வெட்டு விழுந்தா அழுத்திப் பிடிச்சு நிறுத்திடலாம். ஸ்டென்ட்ல அடைப்பு வந்தா அப்படி நிறுத்த முடியாது" என்று போனை வைக்கும் முன் சொன்னார். அப்பத்தா ஏற்கெனவே அன்று மதிய மாத்திரையை எடுத்து ஒளித்து வைத்திருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சலூன் அண்ணன் எடுத்த பாடம்

அன்று சாயங்காலம் தெருமுனை சலூன் அண்ணன் தாத்தாவைப் பார்க்க வந்தார். முப்பது வருடமாகத் தாத்தாவுக்கு சவரம் செய்பவர். கன்னத்தில் என் கைவண்ணத்தைப் பார்த்து சிரித்துவிட்டு, "செவ்வாக்கிழமை கடை லீவு தம்பி, நான் வந்து பண்றேன். நீங்களும் பக்கத்துல நின்னு பாருங்க" என்றார்.

லீவு போட்டு நின்று பார்த்தேன். பத்து வருடமாக நான் செய்துகொண்டிருந்த பலவும் தப்பு.

முதல் தப்பு, அவசரம். அவர் வந்ததும் ரேசரை எடுக்கவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் துண்டை நனைத்துப் பிழிந்து, தாத்தாவின் முகத்தில் போர்த்திவிட்டு, இரண்டு மூன்று நிமிடம் ஊர்க்கதை பேசினார். காய்ந்த தாடி முடி முரடானது. தண்ணீரை உறிஞ்சினால் ஊறி மென்மையாகிவிடும். அப்போது அதை வெட்ட பிளேடுக்குக் குறைந்த அழுத்தம் போதும். அழுத்தம் குறைந்தால் வெட்டும் குறையும். குளித்து முடித்த உடனே ஷேவ் செய்வது சுலபமாக இருப்பது இதனால்தான். நாமோ காலையில் எழுந்ததும் காய்ந்த முகத்தில் நுரையைத் தடவி, ஆபீஸ் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று இழுக்கிறோம்.

இரண்டாவது, நுரை. குளியல் சோப்பு நுரை சீக்கிரம் காய்ந்துவிடும். ஷேவிங் க்ரீமோ, ஷேவிங் சோப்போ, ஜெல்லோ முடியில் ஈரத்தைப் பிடித்துவைக்கும். பிளேடு வழுக்கிச் செல்ல ஒரு படலத்தையும் கொடுக்கும். அண்ணன் பிரஷ்ஷை வட்ட வட்டமாகச் சுழற்றி, முடி எழும்பி நிற்கும்வரை தடவினார். பிரஷ் இல்லையென்றால் விரலால் முடிக்கு எதிர்த்திசையில் தேய்த்தாலே போதும். தடவியதும் உடனே ஆரம்பிக்காமல் ஒரு நிமிடம் ஊற விடுங்கள். நடுவில் காய்ந்தால் மறுபடி தண்ணீர் தொட்டுத் தடவுங்கள். காய்ந்த இடத்தில் 'இன்னும் ஒரே ஒரு இழுப்பு' என்று இழுக்கும்போதுதான் பெரும்பாலும் வெட்டு விழுகிறது.

மூன்றாவது, தோலை இழுத்துப் பிடிப்பது. தாத்தாவிடம் "ஐயா, பல்செட்டை மாட்டிக்குங்க" என்றார் அண்ணன். நான் அதை முதலில் கழற்றி வைக்கச் சொல்லியிருந்தேன்! பல்செட் இருந்தால் கன்னம் உள்ளே ஒடுங்காமல் பிளேடுக்குச் சமமான தளம் கிடைக்கும். பிறகு காதுக்குப் பக்கத்தில் விரலை வைத்துத் தோலை மேலே இழுத்துப் பிடித்து, சின்னச் சின்ன இழுப்பாக எடுத்தார். ஒவ்வொரு இரண்டு இழுப்புக்கும் பிளேடைத் தண்ணீரில் அலசினார். முடியும் நுரையும் அடைத்த பிளேடு வெட்டாது, பிறாண்டும்.

முடி எந்தப் பக்கம் படுக்கிறது?

இது எனக்குப் புதிய விஷயம். இரண்டு நாள் தாடியில் விரலை மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கும், எதிர்த்திசையில் நறநறக்கும். வழுக்கும் திசைதான் முடி வளரும் திசை. கன்னத்தில் பெரும்பாலும் மேலிருந்து கீழே வளரும். ஆனால், கழுத்தில் பலருக்கும் தலைகீழ். சிலருக்குப் பக்கவாட்டில் போகும், சிலருக்குச் சுழிகூட உண்டு. எனக்குத் தொண்டையின் இடது பக்கம் மட்டும் எப்போதும் சிவந்து எரியும். பத்து வருடமாக க்ரீமைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். தடவிப் பார்த்தால், அங்கே முடி கீழிருந்து மேலே வளர்கிறது. நான் மேலிருந்து கீழே, அதாவது எதிர்த்திசையில் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

தோல் மருத்துவர்கள் சொல்லும் வழி, வளரும் திசையிலேயே ஷேவ் செய்வது. முதல் சுற்று அப்படி முடித்துவிட்டு, இன்னும் வழவழப்பு வேண்டுமென்றால் மறுபடி நுரை தடவி, பக்கவாட்டில் ஒரு சுற்று எடுக்கலாம். எதிர்த்திசையில் எடுப்பது, சலூனில் 'ரிவர்ஸ் எடுக்கவா சார்?' என்று கேட்பார்களே அது, வழவழப்பாகத்தான் இருக்கும். ஆனால், தோல் அதற்கு விலை கொடுக்கும். எரிச்சல், சிவப்பு, கொப்புளம் வருகிறவர்கள் அதை விட்டுவிடுவதே நல்லது.

சுருட்டை முடிக்காரர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மிக ஒட்ட வெட்டிய சுருட்டை முடி வளைந்து மறுபடி தோலுக்குள்ளேயே குத்தி வளரும். தாடைக்குக் கீழே பரு மாதிரி வரிசையாக வருவதற்கு இந்த உள்வளர் முடியும் ஒரு காரணம். அவர்கள் ட்ரிம்மரில் ஒரு மில்லிமீட்டர் விட்டு எடுத்தால் பிரச்னை பெருமளவு குறையும்.

ஒரு பிளேடா, ஐந்து பிளேடா?

1903-ல் அமெரிக்காவில் கில்லெட் நிறுவனம் தூக்கி எறியும் பிளேடு கொண்ட ரேசரை விற்க ஆரம்பித்தபோது, அந்த ஆண்டு முழுக்க விற்றது 51 ரேசர்களும் 168 பிளேடுகளும்தான். இன்று எந்தப் பெட்டிக்கடையில் கேட்டாலும் பிளேடு கிடைக்கிறது. 1971-ல் அதே நிறுவனம் இரட்டை பிளேடு ரேசரைக் கொண்டுவந்தது. அதன்பிறகு மூன்று, ஐந்து என்று விளம்பரத்தில் பிளேடுகள் கூடிக்கொண்டே போயின.

பல பிளேடு ரேசரில் முதல் பிளேடு முடியைச் சற்று இழுத்துக் கொடுக்க, பின்னால் வருவது இன்னும் கீழே வெட்டும். அதனால் ஒட்ட வெட்டும், பழகவும் சுலபம். ஆனால், ஒவ்வோர் இழுப்பிலும் அத்தனை பிளேடுகள் தோலைக் கடக்கின்றன. வெட்டிய முடியின் நுனி தோல் மட்டத்துக்குக் கீழே போய்விடவும் கூடும். உள்வளர் முடித் தொல்லை உள்ளவர்களுக்கு ஒற்றை பிளேடு ரேசர் ஒத்துப்போக இதுதான் காரணம். விலையும் குறைவு. ஆனால், அதைப் பிடிக்கப் பழக வேண்டும். கைப்பிடியைச் சுமார் 30 டிகிரி சாய்த்து, ரேசரின் எடையே வேலை செய்யட்டும் என்று விட்டுவிட வேண்டும். கார்ட்ரிட்ஜை அழுத்துவதுபோல் இதை அழுத்தினால் ரத்தம்தான்.

எந்த ரேசராக இருந்தாலும், ஐந்திலிருந்து ஏழு ஷேவுக்குள் பிளேடை மாற்றிவிடுங்கள். அடர்ந்த தாடி என்றால் அதற்கு முன்பே. முடி இழுபடுவதுபோல் தோன்றினால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், அன்றே மாற்றலாம். முடிந்ததும் அலசி, உதறி, பாத்ரூம் ஈரத்திலிருந்து வெளியே எடுத்துக் காயவையுங்கள். துண்டால் பிளேடைத் துடைக்காதீர்கள், விளிம்பு மழுங்கும், கையும் வெட்டும்.

பழைய பிளேடை அப்படியே குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். நம் குப்பையைக் கையால் பிரிக்கிறவர்களின் விரலை அது கிழிக்கும். காலி மாத்திரை டப்பா ஒன்றில் சேர்த்துவைத்து, நிறைந்ததும் டேப் ஒட்டி, மேலே 'பிளேடு' என்று எழுதிக் கொடுங்கள்.

வெட்டு விழுந்துவிட்டதா? இதைச் செய்யுங்கள்

முகத்தில் ரத்த ஓட்டம் அதிகம். அதனால்தான் கடுகளவு வெட்டுக்குக்கூடப் பயமுறுத்தும் அளவுக்கு ரத்தம் வருகிறது. அதே காரணத்தால் சீக்கிரம் ஆறியும்விடும். ஆக, பதற வேண்டாம்.

1. முதலில் கையைக் கழுவுங்கள். காயத்தின் மேலிருக்கும் நுரையைக் குளிர்ந்த, சுத்தமான தண்ணீரில் அலசுங்கள்.

2. சுத்தமான துணியோ, மெத்தென்ற காஸ் துணியோ வைத்து அழுத்துங்கள். சாதாரணமாக ஐந்து நிமிடம். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்கள் பத்து முதல் பதினைந்து நிமிடம். நடுவில் திறந்து பார்க்கக் கூடாது.

3. இன்னும் கசிந்தால் படிகாரம். நாட்டு மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். நனைத்து, காயத்தின் மேல் மெதுவாக ஒற்றுங்கள். படிகாரத்துக்குத் திசுக்களைச் சுருக்கும் குணம் உண்டு. சின்ன ரத்தக்குழாய்கள் சுருங்கி, கசிவு நிற்கும். சுரீரென்று எரியும், ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைகளில் 'ஸ்டிப்டிக் பென்சில்' என்று விற்பதும் ஏறக்குறைய இதேதான். ஆழமான காயத்தில் இரண்டையும் வைக்கக் கூடாது.

4. ரத்தம் நின்றதும் கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். காயம் ஈரப்பதத்தோடு இருந்தால் நன்றாக ஆறும், பொருக்கும் தடிமனாகக் கட்டாது.

5. அந்த இடத்தில் ஆறும்வரை ரேசர் படக் கூடாது. அப்படி ஒரு தீவு மாதிரி முடி நின்றால் நிற்கட்டும்.

இதைச் செய்யாதீர்கள்

காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு, பேப்பர் துண்டு... அப்பத்தாவிடம் மன்னிப்பு கேட்டுக்கொண்டு சொல்கிறேன், இவை எதுவும் வேண்டாம். சமையலறைத் தூள் எதுவும் காயத்துக்காகச் சுத்திகரிக்கப்பட்டதல்ல. காயத்துக்குள் போனால் கழுவி எடுப்பதும் கஷ்டம். நியூஸ் பேப்பரில் மையும் தூசியும் இருக்கும். காய்ந்ததும் பிய்த்தால் காயம் மறுபடி திறக்கும். கிருமிநாசினியைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் தோல் புண்ணாகும். ஆல்கஹால் கலந்த ஆஃப்டர் ஷேவ், வாசத்துக்காக வேண்டுமானால் சரி. வெட்டு விழுந்த அன்று அதை ஓரமாக வைத்துவிட்டு, வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரைத் தடவுங்கள்.

இருபது நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை, வெட்டு வாய் பிளந்து தெரிகிறது, உதட்டு விளிம்பில் கிழிந்திருக்கிறது என்றால் மருத்துவமனைக்குப் போங்கள். பிறகான நாள்களில் வீக்கம், சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல் இருந்தாலும் காட்டுங்கள். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே வரும் சீழ்க்கட்டியைப் பிதுக்கவே கூடாது. மச்சத்தை வெட்டிக்கொண்டு, அது ஆறாமல் திரும்பத் திரும்பக் கசிந்தால் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சர்க்கரை நோயாளிகள் சின்ன வெட்டையும் ஆறும்வரை தினமும் கவனிக்க வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் தாண்டியிருந்தால், அதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சலூன் நாற்காலியில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

சலூன் அண்ணனிடம் நான் கொஞ்சம் தயங்கிக் கேட்டேன், "அண்ணே, புது பிளேடு போடுங்கன்னு சொன்னா கோவம் வருமா?"

"கோவம் எதுக்குத் தம்பி? கேட்காதவங்களுக்கும் நாங்க மாத்தத்தான் செய்யணும். கேட்டா எங்களுக்கும் நல்லதுதான், நாளைக்கு எங்க மேல பழி வராதுல்ல?"

சலூனில் முழு பிளேடை இரண்டாக உடைத்து, ஒரு பாதியைக் கத்தியில் மாட்டுவார்கள். நீங்கள் பார்க்க, காகித உறையைப் பிரித்து உடைத்தால்தான் அது புதியது. ஏற்கெனவே உடைத்துவைத்த பாதியை எடுத்தால், 'புதுசு பிரிங்கண்ணே' என்று கேட்பதில் தப்பே இல்லை.

இது வெறும் பயமில்லை. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத்துளியில்கூட ஏழு நாள்வரை தாக்குப்பிடிக்கும். கண்ணுக்கே தெரியாத அளவு ரத்தம் போதும். அதனால்தான் ஒரே வீட்டுக்குள்ளும் ரேசரைப் பகிரக் கூடாது. அப்பா மகன், அண்ணன் தம்பி, ஹாஸ்டல் ரூம்மேட் என யாராக இருந்தாலும் சரி. பலரும் கவனிக்காத இன்னொன்று, சலூன் படிகாரக்கல். வெட்டு விழுந்த எல்லோர் முகத்திலும் அதே கல்லைத் தேய்த்தால், பிளேடு மாற்றியும் பயனில்லை. சின்னதாக ஒரு கல் வாங்கிச் சட்டைப் பையில் கொண்டுபோய்விடுங்கள். சலூன் அண்ணன் இப்போது படிகாரத்தைப் பொடித்துவைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பஞ்சில் தொட்டு வைக்கிறார்.

வேறொருவருக்குப் பயன்படுத்திய பிளேடால் உங்களுக்கு வெட்டு விழுந்துவிட்டது என்று சந்தேகமா? சோப்பு, தண்ணீரில் கழுவிவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள். ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு. அதை முதல் நாளுக்குள்ளேயே தொடங்குவது நல்லது. ஹெச்.ஐ.வி-க்கான தடுப்பு மருந்து தேவையா என்பதை டாக்டர் முடிவு செய்வார். தேவையென்றால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும்.

முதல் ஷேவ் செய்யும் தம்பிகளுக்கு

'ஒருதடவை மழிச்சா அடர்த்தியா வளரும்' என்று நம்பி, பூனை முடியை வாரம் இரண்டு முறை மழித்துக்கொண்டிருக்கும் பத்தாம் வகுப்புத் தம்பிகளே, அது உண்மையில்லை. 1928-லேயே மில்ட்ரட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியல் ஆய்வாளர் இதை ஆராய்ந்து, ஷேவிங்கால் முடியின் தடிமனோ வளரும் வேகமோ மாறுவதில்லை என்று எழுதிவிட்டார். வெட்டிய முடியின் நுனி கூராக இல்லாமல் மொட்டையாக இருப்பதால் முரடாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான். முகத்தில் மென்முடி எடுக்கத் தயங்கும் தங்கைகளுக்கும் இதே பதில்.

பரு இருந்தால் அதன் மேல் பிளேடை ஓட்டாமல் சுற்றிப் போங்கள். அல்லது கொஞ்ச நாள் ட்ரிம்மர் போதும்.

இன்னொருவருக்கு ஷேவ் செய்யும்போது

வயதானவர்களுக்கும் படுக்கையில் இருப்பவர்களுக்கும் செய்துவிட வேண்டியிருந்தால், சில விஷயங்களை நினைவில் வையுங்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, தலைக்குப் பின்னால் தலையணை கொடுங்கள். வெளிச்சம் முகத்தில் விழட்டும். தொடங்கும் முன் 'இப்போ கன்னம்', 'இப்போ மேலுதடு' என்று சொல்லிக்கொண்டே செய்யுங்கள். சொல்லாமல் கை வைத்தால் அவர்கள் திரும்புவார்கள், பிளேடு மாட்டும். தோலை இழுத்துப் பிடிக்காமல் ஒரு இழுப்புகூட வேண்டாம். குரல்வளைப் பக்கம் எடுக்கும்போது எச்சிலை விழுங்கச் சொல்லிவிட்டு, அது முடிந்ததும் ரேசரை வையுங்கள்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்குப் பாதுகாப்பானது எலெக்ட்ரிக் ஷேவர்தான். டாக்டரும் அதையே சொன்னார். வாங்கிக் கொடுத்தேன். தாத்தா ஒரே நாளில் தீர்ப்பு சொல்லிவிட்டார், "இது புல்லு வெட்டுற மெஷின்டா."

பேச்சுவார்த்தை நடந்தது. வார நாள்களில் அம்மா எலெக்ட்ரிக் ஷேவரில் எடுத்துவிடுவார். மாதத்தில் இரண்டு ஞாயிறு நான் ஊருக்கு வரும்போது, துண்டு, நுரை, புது பிளேடு எல்லாம் வைத்து முழு சவரம். பக்கத்தில் படிகாரமும், சுத்தமான காஸ் துணியும், கடிகாரமும் தயாராக இருக்கும். டாக்டரும் இதற்குச் சம்மதித்தார். "கையில அழுத்தம் மட்டும் வேண்டாம்" என்றார்.

போன ஞாயிறு ஆறாவது முறை. வெந்நீர்த் துண்டு போட்டதும் தாத்தா கண்ணை மூடிக்கொண்டார். நானும் அவசரப்படவில்லை. முழுசாக இருபத்தைந்து நிமிடம் ஆனது. ஒரு துளி ரத்தம் இல்லை. கண்ணாடியைக் கொடுத்தேன். புறங்கையால் இரண்டு கன்னத்தையும் தடவிப் பார்த்தார். மோவாயைத் தூக்கிக் கழுத்தைப் பார்த்தார்.

"இடது கிருதா ஒரு நூல் ஏறிருச்சு பாரு" என்றார்.

பிறகு, சட்டையை எடுத்துத் தரச் சொன்னார். "வாசல்ல நாற்காலியைப் போடுறா. யாராச்சும் வந்தா உட்கார்ந்து பேசலாம்."

(உங்கள் வீட்டில் 'நமக்குத் தெரியும்' என்று நினைத்துச் சொதப்பிய வேலை எது? கமென்ட்டில் சொல்லுங்கள். அடுத்த வார வீட்டுப்பாடம், குக்கர் காஸ்கெட்!)